அட்லாண்டாவில் எஸ்இசி சாம்பியன்ஷிப் ஆட்டத்தை நேரில் பார்ப்பது எப்படி: முதல் தடவை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் ஒரு விஷயம் பிடிபட்டுவிடும்: இங்கே இலையுதிர்காலத்துச் சனிக்கிழமை என்றால் கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்தான். ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர், வீட்டு ஓனர், பேராசிரியர், முடிவெட்டுகிறவர் என்று எல்லாருமே ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துக்காக உயிரை விடுவார்கள். அந்தப் பித்து நமக்கும் தொற்றிக்கொண்ட பிறகு ஒரு தடவையாவது எஸ்இசி சாம்பியன்ஷிப்பை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் டிக்கெட் எங்கே கிடைக்கும், எப்போது வாங்கலாம், எந்த ரயிலில் போகலாம் என்று முழுசாகச் சொல்ல ஒருவரும் இல்லை. இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்ததைத்தான் இங்கே வரிசையாகப் போட்டிருக்கிறேன்.

முதலில் அடிப்படை. எஸ்இசி (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) என்பது ஜார்ஜியா, அலபாமா, டெக்சஸ், டென்னசி, எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) மாதிரி 16 பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது ஒரு லீக். சீசன் முழுக்கத் தங்களுக்குள் ஆடி முதல் இரண்டு இடத்தில் நிற்கிற அணிகள், டிசம்பர் முதல் சனிக்கிழமை அட்லாண்டா மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்டேடியத்தில் மோதும். ஆட்டம் கிழக்கு நேரப்படி மாலை 4 மணிக்கு. 2024இல் டிசம்பர் 7, 2025இல் டிசம்பர் 6. தேதி, நேரம், இடம் மூன்றும் வெகு முன்பே தெரியும். எந்த இரண்டு அணிகள் என்பதுதான் கடைசி வாரம் வரைக்கும் தெரியாது. இதில் வருகிற எல்லாச் சிக்கலுக்கும் வேர் அதுதான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒழுங்கில் போகிறது: ரத்து செய்ய முடிகிறதை முதலில் பதிவு செய்யுங்கள், ரத்து செய்ய முடியாததைக் கடைசியில் வாங்குங்கள்.

1. நாள்களை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை. அதற்கு மறுநாள் வெள்ளியும் சனியும் பரம வைரிகள் மோதுகிற வாரம்: அலபாமா–ஆபர்ன், டெக்சஸ்–டெக்சஸ் ஏ அண்ட் எம், ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்)–மிசிசிப்பி ஸ்டேட். பெரும்பாலும் அந்தச் சனிக்கிழமை ராத்திரிதான் யார் யார் அட்லாண்டா போகிறார்கள் என்பது முடிவாகும். அங்கிருந்து சரியாக ஒரு வாரத்தில் சாம்பியன்ஷிப்.

முன்பு கிழக்குப் பிரிவு, மேற்குப் பிரிவு என்று இரண்டு இருந்தன, ஒவ்வொன்றிலும் முதலில் வருகிற அணி அட்லாண்டா போகும், அதனால் ஓரளவுக்கு முன்கூட்டியே கணிக்க முடிந்தது. 2024 முதல் பிரிவுகள் கிடையாது. 16 அணிக்கும் ஒரே பட்டியல். இரண்டு மூன்று அணிகள் ஒரே கணக்கில் நின்றால் சமன் முறிக்கிற விதிகளுக்குள் போக வேண்டும். 2025இல் ஜார்ஜியா, அலபாமா, ஓல் மிஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம் நான்கும் ஏழு வெற்றி, ஒரு தோல்வி என்று முடித்தன, ஆனால் அட்லாண்டா வந்தவை ஜார்ஜியாவும் அலபாமாவும். அலபாமாவின் இடம் உறுதியானது அந்தச் சனிக்கிழமை ராத்திரி ஆபர்னை வென்ற பிறகுதான். ஆகவே "நம்ம டீம் இந்த வருஷம் நிச்சயம் போகும்" என்று அக்டோபரில் யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள், அதை நம்பிப் பணத்தைப் போடாதீர்கள்.

2. தங்குமிடமும் விமானமும்: முன்கூட்டியே, ஆனால் ரத்து செய்யும்படி

அட்லாண்டா சுற்றுவட்டாரத்தில், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக், கம்மிங் பக்கம் இருக்கிற நம்ம ஆட்கள் இதைத் தாண்டி மூன்றாவது படிக்குப் போய்விடலாம். அங்கே நண்பர் வீடு இருப்பவர்களும்தான்.

மற்றவர்கள் செப்டம்பர் அல்லது அக்டோபரிலேயே ஹோட்டல் பதிவு செய்துவிடுங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்கும் அறையாக இருக்க வேண்டும், எந்தத் தேதி வரை ரத்து செய்யலாம் என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். சில ஹோட்டல்கள் அந்த வாரம் மட்டும் ரத்து செய்யும் கெடுவை ஏழு நாள், பதினான்கு நாள் என்று முன்னால் தள்ளி வைத்திருக்கும். உங்களுக்குத் தேவை, வைரிகள் வாரத்து ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறமும் ரத்து செய்ய முடிகிற அறை. இந்த ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டால் பாதி கவலை தீர்ந்தது.

டவுன்டவுனில்தான் தங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஸ்டேடியத்துக்குப் பக்கத்து ஹோட்டல்கள் அந்த வாரக்கடைசியில் வழக்கத்தைவிட ரொம்பவே விலை ஏறும், இரண்டு ராத்திரி கட்டாயம் என்றும் கேட்பார்கள். அட்லாண்டாவின் நகர ரயிலான மார்ட்டாவின் நிலையம் ஒன்றுக்கு நடந்து போகிற தூரத்தில் ஏதாவது இடம் பாருங்கள்: லிண்ட்பெர்க், பக்ஹெட், டன்வுடி, விமான நிலையத்தை ஒட்டிய காலேஜ் பார்க். இன்னொன்று, வலைத்தளத்தில் முதலில் தெரிகிற அறை வாடகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அட்லாண்டா நகருக்குள் விற்பனை வரியும் ஹோட்டல் வரியும் சேர்ந்து 17 சதவீதத்தை நெருங்கும், அதுபோக ஜார்ஜியா மாநிலம் ஒரு ராத்திரிக்கு 5 டாலர் தனியாக வாங்கும்.

விமானம் என்றால் ஆட்டம் முடிந்த அன்று ராத்திரியே திரும்புகிற மாதிரி டிக்கெட் போடவே போடாதீர்கள். 4 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஏழரை ஆகும். சமன் ஆனால் கூடுதல் ஆட்டம். 2024இல் ஜார்ஜியா–டெக்சஸ் ஆட்டம் அப்படித்தான் நீண்டு, ஜார்ஜியா 22-19 என்று வென்றது. அந்தக் கூடுதல் ஆட்டத்தை விட்டுவிட்டு விமானத்துக்கு ஓட வேண்டி வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஞாயிறு காலை கிளம்புங்கள், இரண்டு ஊர் ரசிகர்களும் அதே நேரத்தில் விமான நிலையத்தில் குவிவார்கள் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே போங்கள்.

பர்மிங்ஹாம், நாஷ்வில், டாலஸ் பக்கமிருந்து காரில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் ஊர் மத்திய நேரம், அட்லாண்டா கிழக்கு நேரம். வரும்போது ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போகும். பர்மிங்ஹாமிலிருந்து ஐ-20இல் ஏறக்குறைய 150 மைல், சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் ஆட்ட நாளில் அட்லாண்டாவை நெருங்கும்போது வண்டி நகராது.

3. டிக்கெட்டுக்கு எத்தனை வழி

நேராகப் போய் வாங்குகிற கவுன்டர் ஒன்றும் கிடையாது. பெரும் பகுதி டிக்கெட் போட்டியிடும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் ஒதுக்கப்படும். அவர்கள் அதைத் தங்கள் கொடையாளர்களுக்கும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். ஜார்ஜியாவில் ஹார்ட்மன் ஃபண்ட் என்று ஒன்று உண்டு, அதில் இதுவரை எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்பதை வைத்து மதிப்பெண், அந்த மதிப்பெண் வரிசையில்தான் டிக்கெட். போன வருஷம் ஊரிலிருந்து வந்த நமக்கு அந்த வழி திறக்காது.

நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் என்றால் விஷயமே வேறு. ஒதுக்கீட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்கு வரும், வெளிச்சந்தை விலையில் ஒரு துண்டுதான் ஆகும். ஆனால் விண்ணப்பிக்கக் கிடைக்கிற அவகாசம் ரொம்பக் குறைவு, பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குத்தான் அறிவிப்பு வரும், தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து வரும். நவம்பர் ஆரம்பத்திலேயே விளையாட்டுத் துறையின் மாணவர் டிக்கெட் கணக்கில் ஒரு தடவை உள்ளே போய் எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எம்எஸ், பிஎச்டி மாணவர்களும் மாணவர்கள்தான். கட்டணம் கட்டிப் பதிவில் இருந்தால் கேட்டுப் பார்ப்பதற்குத் தயங்க வேண்டாம். மாணவர் டிக்கெட்டை வெளியாருக்கு மாற்ற முடியாதபடி கட்டுப்பாடு இருக்கலாம், அதனால் "ஸ்டூடன்ட் டிக்கெட் இருக்கு, குறைச்ச விலைக்குத் தரேன்" என்று யாராவது வந்தால் அது உங்கள் பெயருக்கு மாறி வந்த பிறகு பணம் கொடுங்கள்.

மற்ற எல்லாருக்கும் மறுவிற்பனைதான். டிக்கெட்மாஸ்டர், ஸ்டப்ஹப், சீட்கீக் இவற்றில் பார்க்கலாம். 2025 மே 12 முதல் அமெரிக்க அரசின் விதிப்படி, கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும். அதற்கு முன்னால் 200 என்று காட்டிவிட்டுப் பணம் கட்டும் பக்கத்தில் 260 என்று வந்து நிற்கும். இப்போது ஒப்பிடுவது சுலபம்.

இதில் இருக்கிற குழிகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கையில் டிக்கெட் இல்லாமலேயே விற்கிறவர்கள் உண்டு. இன்றைக்கு உங்களிடம் ஒரு விலைக்கு விற்றுவிட்டு, பின்னால் விலை இறங்கும்போது வாங்கிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்திருப்பார்கள். விலை ஏறிவிட்டால் கை விரிப்பார்கள். அப்போது தளம் உங்கள் பணத்தைத் திருப்பித் தரும், ஆனால் ஆட்டத்தன்று காலையில் பணம் திரும்பி வந்து என்ன பிரயோஜனம்? எனக்கு ஒரு தளத்தில் "விரைவில் அனுப்பப்படும்" என்ற செய்தி மட்டும் நாள்கணக்கில் மாறாமல் இருந்தது, வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தேதி சொன்னார்கள், ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் வந்தது. அந்த வாரம் முழுக்க நிம்மதியே இல்லை. அதனால் உடனடி டெலிவரி என்று குறிப்பிட்டிருக்கும், வரிசை எண்ணும் செக்ஷன் எண்ணும் தெளிவாகப் போட்டிருக்கும் டிக்கெட்டை மட்டும் பாருங்கள். "மேல் அடுக்கு, ஏதோ ஓரிடம்" என்று மொத்தமாகப் போட்டிருப்பதைத் தொடாதீர்கள்.

ஃபேஸ்புக் குழுவிலும் வாட்ஸ்அப் குழுவிலும் முன்பின் தெரியாதவர்களிடம் ஸெல்லில் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) பணம் அனுப்பி வாங்காதீர்கள். ஸெல்லில் போன பணம் போனதுதான். கிரெடிட் கார்டில் கொடுத்தால் டிக்கெட் வராதபோது வங்கியில் முறையிட வழி இருக்கிறது. புதிதாகக் கார்டு வாங்கியவர்களுக்கு வரம்பு 500, 1000 டாலர் என்றுதான் இருக்கும், இரண்டு டிக்கெட் போட்டாலே மறுத்துவிடும். முந்தின வாரமே நிலுவையைக் கட்டி இடம் பண்ணி வையுங்கள்.

4. எப்போது வாங்குவது, எவ்வளவு ஆகும்

இரண்டு அணிகளின் பெயரும் தெரிந்த உடனே, அதாவது சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும், எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். அப்போது விலை உச்சத்தில் இருக்கும். தோற்றுப்போன அணியின் ரசிகர்கள் தங்களிடம் இருப்பதை விற்க ஆரம்பிப்பதும் அதே நேரம்தான், அந்தச் சரக்கு சந்தைக்கு வந்து சேர ஓரிரு நாள் ஆகும். என் கருத்து, செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் வாங்குவது நல்லது. சனிக்கிழமை காலை வரை காத்திருந்து இன்னும் மலிவாக வாங்கியவர்களும் இருக்கிறார்கள், ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு, அதுவும் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

விலை யார் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஜார்ஜியா வந்துவிட்டால் ஏறும், ஏனென்றால் அவர்களின் ஊரான ஏதென்ஸ் அட்லாண்டாவிலிருந்து 70 மைல்தான், ஊரே கிளம்பி வந்துவிடும். தூரத்து அணிகள் இரண்டு என்றால் கொஞ்சம் இறங்கும். எப்படியும் செக்ஷன் எண் 300களில் இருக்கும் மேல் அடுக்கு, அதற்கே நூற்றுக்கணக்கான டாலர் எடுத்து வைக்க வேண்டும். 100களில் வரும் கீழ் அடுக்கு அதைவிடப் பல மடங்கு. நடுவில் 200கள் பெரும்பாலும் கிளப் இருக்கைகள். மேல் அடுக்கைப் பற்றிப் பயப்பட வேண்டாம், கூரையைச் சுற்றி வட்டமாக ஒரு ராட்சதத் திரை இருக்கிறது, எங்கே உட்கார்ந்தாலும் மறுஒளிபரப்பு தெரியும். அமெரிக்கன் ஃபுட்பாலை உயரத்திலிருந்து பார்த்தால் அணிகள் நிற்கிற அமைப்பு இன்னும் நன்றாகப் புரியும் என்பதால், எனக்கு மேல் அடுக்கின் நடுப்பகுதி கீழே மூலையைவிடப் பிடிக்கும்.

வாங்கும் முன் எந்த அணியின் பெஞ்ச் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அணியின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அந்த நாளின் சுகமே. எதிரணி ரசிகர்களுக்கு நடுவில் இடம் கிடைத்தாலும் யாரும் அடிக்க வரமாட்டார்கள், ஆனால் மூன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

கணக்குப் போடும்போது டிக்கெட், அறை, விமானம் அல்லது பெட்ரோல், ரயில், சாப்பாடு இவற்றோடு அணிச் சட்டைக்கும் ஒரு தொகை வையுங்கள். ஸ்டேடியத்துக்குள் இருக்கும் கடையில் வாங்குவதைவிட வால்மார்ட்டிலோ பல்கலைக்கழக ஊர்க் கடையிலோ முன்னாலேயே வாங்கினால் பாதி மிச்சம். ஜார்ஜியா சிவப்பும் கறுப்பும், அலபாமா கருஞ்சிவப்பும் வெள்ளையும். இரண்டும் மோதினால் ஏதோ ஒரு சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள், யாருக்கு என்று எழுதியிருப்பதாகப் போடுங்கள்.

5. டிக்கெட்டை போனுக்குள் கொண்டுவருவது

காகித டிக்கெட் கிடையாது. விற்றவர் டிக்கெட்மாஸ்டர் வழியாக உங்களுக்கு மாற்றுவார், மின்னஞ்சல் வரும், அதில் ஏற்றுக்கொள்ள வேண்டும். மறுவிற்பனைத் தளத்தில் கொடுத்த மின்னஞ்சலும் டிக்கெட்மாஸ்டர் கணக்கின் மின்னஞ்சலும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் கல்லூரி முகவரி, இன்னொன்றில் ஜிமெயில் என்று இருந்தால் எங்கே வந்தது என்றே தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஏற்றுக்கொண்ட பிறகு போனில் திறந்து பாருங்கள். பார்கோடு மேல் ஒரு கோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் குறியீடு சில விநாடிக்கொரு தடவை மாறும். அதனால்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் வாசலில் செல்லாது, யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "இதுதான் டிக்கெட்" என்றாலும் நம்பக்கூடாது. உடனே ஆப்பிள் வாலட்டிலோ கூகுள் வாலட்டிலோ சேர்த்துவிடுங்கள். 70 ஆயிரம் பேர் ஒரே இடத்தில் கூடும்போது நெட்வொர்க் திணறும், வாலட்டில் இருந்தால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். நாலு பேர் போகிறீர்கள் என்றால் ஒவ்வொருவருடையதையும் அவரவர் போனுக்கு முந்தின நாளே மாற்றிவிடுங்கள், ஒருவர் பார்க்கிங்கில் மாட்டிக்கொண்டாலும் மற்றவர்கள் உள்ளே போகலாம்.

6. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

விமானத்தில் வருகிறவர்களுக்கு: 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கும் ரியல் ஐடி (மத்திய அரசின் தரத்துக்கு ஏற்ற அடையாள அட்டை) வேண்டும். உங்கள் டிரைவிங் லைசென்ஸின் மூலையில் நட்சத்திரக் குறி இல்லையென்றால் இந்தியா, இலங்கை என்று எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்களோ அதை எடுத்து வாருங்கள், அது போதும். பீர் வாங்க நினைப்பவர்கள் 21 வயது ஆனதற்கான அடையாளத்தை அசலாகக் காட்ட வேண்டும்.

பை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்குள் இருக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை, அல்லது ஒரு கேலன் ஜிப் பை. அதுபோக உள்ளங்கை அளவு சின்ன பர்ஸ் ஒன்று, சுமார் நாலரைக்கு ஆறரை அங்குலம். தோள்பை, முதுகுப்பை, கேமரா பை எதுவும் உள்ளே போகாது. ரயிலில் வந்தவர்கள் அதைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கக் காரும் இருக்காது. கைக்குழந்தையின் டயப்பர், பால் புட்டி எல்லாவற்றையும் அந்த ஒளி ஊடுருவும் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தாள் செல்லாது. ஸ்டேடியம் முழுக்கக் கார்டுதான். கையில் நோட்டு மட்டும் இருந்தால் உள்ளே இருக்கும் இயந்திரத்தில் போட்டுக் கார்டாக மாற்றிக்கொள்ளலாம். போனுக்குக் கூடுதல் சார்ஜர் கட்டாயம். டிக்கெட், ரயில், நண்பர்கள் எல்லாமே அந்த ஒரு போனில்தான்.

கூரை பெரும்பாலும் மூடியிருக்கும், உள்ளே குளிராது. வெளியே டிசம்பர் மாலை நன்றாகவே குளிரும். கழற்றி மடியில் வைத்துக்கொள்கிற ஜாக்கெட் போதும்.

7. ஸ்டேடியத்துக்குப் போவது

காரில் போகாதீர்கள். அதிகாரப்பூர்வ பார்க்கிங் முன்பதிவில் தீர்ந்துவிடும், சுற்றியுள்ள தனியார் இடங்களில் அன்றைக்கு வைத்ததுதான் விலை. மார்ட்டா ரயில் ஒரு தடவைக்கு 2.50 டாலர், அதற்குள்ளேயே வண்டி மாறிக்கொள்ளலாம். வடக்குப் புறநகரிலிருந்து வருகிறவர்கள் நார்த் ஸ்பிரிங்ஸ் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு ரெட் லைன் பிடிக்கலாம், 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நிறுத்தக் காசு இல்லை. விமான நிலையத்துக்கு உள்ளேயே நிலையம் இருக்கிறது. வடக்கிலிருந்து வந்தாலும் விமான நிலையத்திலிருந்து வந்தாலும் ஃபைவ் பாயின்ட்ஸில் இறங்கி, மேற்கே போகிற புளூ லைனோ கிரீன் லைனோ மாற வேண்டும். அடுத்த நிலையம் எஸ்இசி டிஸ்ட்ரிக்ட். பழைய வரைபடங்களிலும் பழைய ஆட்கள் பேச்சிலும் இது ஜிடபிள்யூசிசி – சிஎன்என் சென்டர் என்று இருக்கும், குழம்ப வேண்டாம். அதற்கடுத்தது வைன் சிட்டி. இரண்டுமே ஸ்டேடியத்துக்கு நடை தூரம்தான். போகவும் வரவும் சேர்த்து ரயில் கார்டில் பணத்தைக் காலையிலேயே ஏற்றிவிடுங்கள், ராத்திரி அந்த இயந்திரத்தின் முன்னால் வரிசை நிற்கக் கூடாது.

பதினோரு மணிக்காவது போய்விடுங்கள். பக்கத்தில் ஜார்ஜியா வேர்ல்டு காங்கிரஸ் சென்டரில் ஃபேன்ஃபேர் என்று ரசிகர் விழா நடக்கும், அனுமதி இலவசம். பந்து எறியலாம், இரண்டு பல்கலைக்கழகங்களின் பேண்டு வாத்தியத்தையும் சியர்லீடர்களையும் கிட்டத்தில் பார்க்கலாம். டிக்கெட் வாங்க முடியாதவர்கள் கூட இதற்காக மட்டும் வந்துபோகலாம். ஸ்டேடியத்தை ஒட்டிய ஹோம் டிப்போ பேக்யார்டு புல்வெளியிலும் சுற்று வட்டாரப் பார்க்கிங்குகளிலும் டெயில்கேட் நடக்கும். அடுப்பு மூட்டி, கூடாரம் போட்டு, காலையிலிருந்தே சமையல். சும்மா நின்று பேச்சுக் கொடுத்தாலே தட்டை நீட்டுவார்கள், அப்படி ஒரு மனசு. நீங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தால் அதையும் இங்கேயே பகிர்ந்து முடித்துவிடுங்கள், வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள்.

இரண்டரை மணிக்கு வாசல் வரிசையில் நின்றுவிடுங்கள். மூன்றரைக்கு மேல் எல்லாரும் ஒன்றாக நெருக்குவார்கள். டிக்கெட்டில் எந்த வாசல் என்று போட்டிருக்கும், தப்பான வாசலில் நின்றால் ஸ்டேடியத்தைப் பாதி சுற்ற வேண்டியிருக்கும்.

8. உள்ளே

சாப்பாட்டு விலையைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். இந்த ஸ்டேடியம் 2017இல் திறந்ததிலிருந்தே விலையைக் குறைவாக வைத்திருக்கிறது: ஹாட் டாக், பாப்கார்ன், பிரெட்சல், கோக் எல்லாம் 2 டாலரை ஒட்டி, பிட்சா, நாச்சோ அதற்குக் கொஞ்சம் மேல். கோக் கோப்பையை எத்தனை தடவை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். சைவக்காரர்கள் பிட்சா, பிரெட்சல், நாச்சோ என்று சமாளிக்கலாம். இடைவேளையில் போகாதீர்கள். அந்த நேரத்தில் டாக்டர் பெப்பர் நிறுவனத்தின் பந்து எறியும் போட்டி நடக்கும், இரண்டு மாணவர்கள் படிப்புக் கட்டணத்துக்காக ஒரு பெரிய கேனின் ஓட்டைக்குள் பந்துகளை எறிவார்கள், படிப்புக்குக் கடன் வாங்கி வந்த யாருக்கும் அது வெறும் விளையாட்டாகத் தெரியாது. இடைவேளைக்கு முந்தின இரண்டாவது கால்பகுதி நடுவிலேயே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

விதிகள் தெரியாது என்று தயங்காதீர்கள். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும்; முன்னேறினால் மறுபடி நான்கு. எல்லைக்குள் கொண்டுபோனால் 6 புள்ளி, அதன் பிறகு உதைத்தால் 1. தூரத்திலிருந்து கம்பத்துக்கு நடுவில் உதைத்தால் 3. இவ்வளவு போதும்.

முக்கியமானது சத்தம் போடும் முறை. உங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது அமைதியாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் சொல்வது மற்ற ஆட்டக்காரர்களுக்குக் கேட்க வேண்டும். எதிரணியிடம் பந்து இருக்கும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும், மூன்றாவது வாய்ப்பில் இன்னும் அதிகமாக. கிரிக்கெட்டில் நம்ம ஆள் மட்டை பிடிக்கும்போது கத்திப் பழகியவர்களுக்கு இது தலைகீழ். நம்ம அணி ஆடும்போது எழுந்து நின்று கத்தினால் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து உட்காரச் சொல்லுவார். மூடிய கூரைக்குள் எழுகிற சத்தம் காதை அடைக்கும், சின்னக் குழந்தைகளுக்குக் காதுமூடி அவசியம்.

9. வேறு ஊரில் இருக்கிறவர்களுக்கு

அதே சனிக்கிழமை மற்ற பெரிய கான்ஃபரன்ஸ்களும் சாம்பியன்ஷிப் நடத்துகின்றன. பிக் 12 டெக்சஸ் ஆர்லிங்டனில் ஏடி அண்ட் டி ஸ்டேடியத்தில், பிக் டென் இண்டியானாபொலிஸில் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில், ஏசிசி சார்லட்டில் பேங்க் ஆஃப் அமெரிக்கா ஸ்டேடியத்தில். மேலே சொன்னதில் நாள்கள், டிக்கெட் குழிகள், போன் விஷயம் மூன்றும் அப்படியே பொருந்தும். வித்தியாசம் இரண்டு. ஆர்லிங்டன் ஸ்டேடியத்துக்கு ரயில் கிடையாது, டாலஸ் ஆட்கள் பார்க்கிங்கை முன்பதிவு செய்தே ஆக வேண்டும். சார்லட்டில் கூரை இல்லை, ஆட்டமும் ராத்திரி, கம்பளிக்குள் கம்பளி போட்டுக்கொண்டு போங்கள்.

10. திரும்புவது

ஆட்டம் முடிந்ததும் கோப்பை கொடுப்பார்கள், கூரையிலிருந்து வண்ணக் காகிதம் கொட்டும். உங்கள் அணி வென்றிருந்தால் அந்தக் கால் மணி நேரத்தை விடவே விடாதீர்கள். தோற்ற பக்கம் அதற்குள் பாதி காலியாகியிருக்கும், அதனால் ரயிலிலும் முதல் நெரிசல் கடந்திருக்கும்.

வெளியே வந்ததும் கூட்டம் எஸ்இசி டிஸ்ட்ரிக்ட் பக்கம்தான் போகும். நீங்கள் எதிர்ப்பக்கம் வைன் சிட்டிக்கு நடங்கள். கிழக்கே போகிற ரயில் வைன் சிட்டிக்கு வந்துவிட்டுத்தான் அந்த நிலையத்துக்குப் போகும், உட்கார இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு. ஃபைவ் பாயின்ட்ஸில் இறங்கி வடக்கே போகிறவர்கள் நேரத்தைப் பாருங்கள்: இரவு ஒன்பது மணி வாக்கிலிருந்து ரெட் லைன் டவுன்டவுன் வரை வராது, லிண்ட்பெர்க் சென்டருக்கும் நார்த் ஸ்பிரிங்ஸுக்கும் நடுவில் மட்டும்தான் ஓடும். அப்போது டோராவில் என்ற கடைசி நிலையத்துக்குப் போகிற கோல்டு லைனில் ஏறி, லிண்ட்பெர்க்கில் இறங்கி ரெட் லைன் மாறுங்கள். தூங்கிவிட்டால் டோராவில் போய்த்தான் முழிப்பீர்கள், கார் நார்த் ஸ்பிரிங்ஸில் இருக்கும்.